உத்தரமேரூர் கண்ட ஆட்சிகள்

தொண்டை மண்டலம் 24 கோட்டங்களும் 79 நாடுகளும் உடையது என்பது பழைய வழக்கு. அக்கோட்டங்களுள் காலியூர்க் கோட்டம் ஒன்று. காஞ்சிமாநகருக்குத் தெற்கே, பாலாற்றின் தென்புறத்தில், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள உத்தரமேரூர் அக்கோட்டத்தைச் சேர்ந்தது. எனினும் சோழர் காலச் சாசனங்கள் இதனைக் காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்று குறிப்பிடுகின்றன. 'தன்கூற்று' என்ற அச்சொல்லை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பக்கத்து நாடுகளோடு சேர்க்கப்படாமல், தானே ஒரு கூற்றமாக, அதாவது தனி ஆட்சிப் பிரிவாக நின்ற ஊர் என்பது அதன் பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தானே தனக்கு எல்லையாக இருந்த ஊர், பின்னர் எத்தனை பிரிவுகளுக்குள் அடங்கியது, எத்தனை அதிகாரிகளுக்குக் கணக்குக் கொடுத்தது, எவரிடமிருந்து கணக்குக் கேட்கும் உரிமையை இழந்தது என்பதே இன்று நான் கூற எடுத்துக்கொண்ட செய்தி.

இவ்வூர் எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவ மல்லன் காலத்தில் வேதம் வல்ல அந்தணர்க்குப் பிரமதேயமாக அமைந்தது என்பர். சுந்தரவரதப் பெருமாள் கோயில், கைலாசநாதர் கோயில், சுப்பிரமணியர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் ஆகியவற்றின் சுவர்களில் பல்லவர், சோழர், இராஷ்டிரகூடர் எனப் பல வமிசத்து அரசர்களின் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அரசுகள் மாறின, சபை மாறவில்லை. தக்கோலப் போருக்குப் பின் கன்னரதேவன் என்னும் மூன்றாம் கிருஷ்ணன் தொண்டை நாட்டைக் கைக்கொண்ட காலத்தும் சபை கூடியது, நிலம் விற்றது, தருமங்களைக் காத்தது.

ஊரின் உயிர் அதன் ஏரி. வயிரமேக தடாகம் என்பது அதன் பெயர். தூர் வாருவதற்கென்று பொன்னும் நெல்லும் நிவந்தமாக அளித்தவர் பலர். அப்பொன்னைப் பெற்று அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் பணி செய்விக்கும் பொறுப்பு ஏரி வாரியப் பெருமக்களுடையது. வாரியம் என்பது இக்காலத்தில் நாம் கமிட்டி என்று வழங்குகிறோமே, ஏறக்குறைய அதுதான். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று ஊர்க் காரியங்கள் பகிர்ந்து நடைபெற்றன.

இவ்வூருக்கு உலகப் புகழ் தேடித் தந்தவை வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள இரண்டு சாசனங்கள். 1898-இல் படியெடுக்கப்பட்ட அவற்றை வெங்கையா அவர்கள் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையின் 1904–05 ஆம் ஆண்டறிக்கையில் மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் வெளிவந்த தம் நூலில் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். முதற் சாசனம் முதற் பராந்தக சோழனின் 12 ஆம் ஆட்சியாண்டுக்கு உரியது, அதாவது 919 ஆம் ஆண்டளவில் எழுந்தது. இரண்டாவது 14 ஆம் ஆட்சியாண்டினது, 921 ஆம் ஆண்டளவினது. இரண்டே ஆண்டுகளில் சபையார் தம் விதியைத் தாமே திருத்த வேண்டி வந்தது. முதல் விதியில் வாரியர்க்கு வயது 30-க்கு மேல் 60-க்கு உட்பட்டிருந்தது. திருத்திய விதியில் 35-க்கு மேல் 70-க்கு உட்பட்டதாயிற்று. ஏனைய தகுதிகளும் தகுதியின்மைகளும் முன்னதைக் காட்டிலும் மிக விரிவாக வரையப்பட்டன. முதல் ஏற்பாட்டில் எங்கோ ஓட்டை இருந்தது, அதன் வழியே எவரோ நுழைந்தனர் என்று கொள்வதே இயல்பு. காரணமின்றி எந்தச் சபையும் இரண்டு ஆண்டுகளில் தன் சட்டத்தைத் திருத்தி மீண்டும் கல்லில் வெட்டாது.

திருத்திய விதி கூறுவது இது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. வாரியத்துக்கு வருபவன் கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவனாக இருத்தல் வேண்டும். தஞ்சை வழக்குப்படி வேலி என்பது சுமார் ஆறே முக்கால் ஏக்கர் ஆதலால், கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மிகும். தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். மந்திரப் பிராமணம் கற்றுப் பிறர்க்கு ஓதுவிக்க வல்லவனாதல் வேண்டும். ஒரு வேதத்திலும் ஒரு பாஷியத்திலும் வல்லவனானால் அரைக்கால் வேலி இருந்தாலும் போதும். கல்விக்குச் சொத்தில் பாதியைத் தள்ளிக் கொடுத்த விதி இது. காரியத்தில் நிபுணனாகவும், நல்வழியில் பொருள் ஈட்டியவனாகவும், கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்யாதவனாகவும் அவன் இருக்க வேண்டும்.

இவற்றினும் சுவையானது விலக்கப்பட்டோர் பட்டியல். அதன் தலைப்பில் நிற்பவன் கொலைஞனோ கள்வனோ அல்லன். வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவன்தான் முதலில் நிற்கிறான். அவன் மாத்திரம் விலக்கப்படவில்லை. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், தாயின் சகோதரியர் மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், மருமகன் என உறவின் முறைகள் வரிசையாக வருகின்றன. இப்பட்டியலை வரைந்தவர் நம் ஊர்களை நன்கு அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. கணக்குக் காட்டாத ஒருவனை விலக்கினால் அவன் மைத்துனன் வந்து அமர்வான், மைத்துனனை விலக்கினால் மருமகன் வருவான் என்பதை அனுபவத்தால் கண்டவர்கள் எழுதிய விதி இது. அதன் பின்னரே பெரும்பாவங்கள் செய்தோர், அவர்தம் உறவினர், பிறர் பொருளைக் கவர்ந்தோர், உண்ணத் தகாதன உண்டோர், பொய் ஆவணம் செய்தோர், கழுதை மேல் ஏற்றப்பட்டோர் முதலியோர் வருகின்றனர்.

ஓலை எடுத்த முறையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் தாங்கிய வாயோலையோடு கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். பாலரும் முதியோரும் உள்ளிட்ட மகாசபை நிறையக் கூடும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் மண்டபத்தின் உள்ளே இருப்பர். அவருள் முதியவர் எழுந்து எல்லோரும் காணுமாறு குடத்தை மேலே தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அச்சிறுவனைக் கொண்டே ஓர் ஓலையை எடுப்பிப்பர். அதனை மத்தியஸ்தன் வாங்க வேண்டும். வாங்கும்போது ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்பது விதி. விரலிடுக்கில் மறைத்து வைத்த ஓலையை மாற்றிவிடும் கைத்திறம் அக்காலத்தில் அறியப்படாத ஒன்றன்று போலும். அவன் வாசிப்பான், பின் நம்பிமார் அனைவரும் வாசிப்பர், அதன் பிறகே அப்பெயர் எழுதப்படும். இவ்வாறு கிடைத்த 30 பேருள், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து கல்வியிலும் வயதிலும் முதிர்ந்த 12 பேர் சம்வத்சர வாரியம் ஆவர். எஞ்சியோரில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் மீண்டும் குடவோலை இட்டு 12 சேரிகளின் வழியாக ஆறு ஆறு பேரைத் தேர்ந்தனர். பதவிக் காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம்.

இம்முறை இவ்வூரில் திடீரென்று முளைத்ததன்று. கயிற்றால் பிணித்த குடத்தின் பொறியை நீக்கி ஓலை எடுக்கும் வழக்கத்தை அகநானூற்றின் 77 ஆம் பாட்டு உவமையாக எடுத்தாள்கிறது. பாண்டி நாட்டில், திருநெல்வேலிச் சீமையின் மானூர்ச் சாசனம் உத்தரமேரூர்ச் சாசனத்துக்கு ஒரு நூற்றாண்டேனும் முற்பட்டது. சபையில் எதைச் சொன்னாலும் எழுந்து 'அன்று, அன்று' என்று மறுப்பவர்க்கு அவ்வூரார் தண்டம் விதித்திருந்தனர். அத்தண்டம் இன்றைய சட்டசபைகளில் அமுலுக்கு வந்தால் அரசாங்கப் பொக்கிஷம் நிரம்பும்.

கடல் கடந்த நாடுகளிலும் இதன் உறவுகள் உண்டு. ஏதென்ஸ் நகரத்தார் 500 பேர் கொண்ட மன்றத்தைச் சீட்டு எடுத்தே அமைத்தனர். பதவி விட்டு இறங்குவோர் கணக்கு ஒப்புவித்தே ஆக வேண்டும். வெனிஸ் குடியரசில் 1268 முதல் தலைவரைத் தேர்ந்த சிக்கலான முறையில் குண்டுகளை எடுத்துக் கொடுத்தவன் ஒரு சிறுவன். அவர்களை நாமோ நம்மை அவர்களோ பார்த்துக் கற்றதாகக் கொள்ள ஆதாரமில்லை. கட்சியும் உறவும் பலத்த சிற்றூரில், எவரும் நம்பத்தக்க கை எது என்று கேட்டால், ஒன்றும் அறியாத பிள்ளையின் கை என்ற விடை எங்கும் தோன்றக் கூடியதே.

இங்கே ஒரு கருத்தைத் தெளிவாக்க வேண்டும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றிய விவாதம் நடந்தபோது ஆந்திர கேசரி பிரகாசம் அவர்கள் இவ்வூர்ச் சாசனத்தைச் சான்றாகக் காட்டிப் பேசினார். நம் தமிழ்நாட்டவரான கே. சந்தானம் அவர்கள் கொணர்ந்த திருத்தமே பின்னர் அரசியலமைப்பின் 40 ஆவது பிரிவாயிற்று. அந்நாள் தொட்டு, வயது வந்தோர் வாக்குரிமை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே உத்தரமேரூரில் இருந்தது என்று மேடைதோறும் பேசப்படுகிறது. 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் பிரதமர் இவ்வூரின் பெயரைக் கூறினார். பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் சாசனம் சொல்லாததைச் சாசனத்தின் வாயில் வைத்துப் பேசுதல் ஆகாது. அங்கே வாக்களித்தவர் எவரும் இலர். ஓலையை எடுத்தது சிறுவனின் கை. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே குடத்தில் இடம் இருந்தது. வயலில் உழுதவனுக்கும் ஏரியில் மண் சுமந்தவளுக்கும் அதில் ஓலை இல்லை. மேலும், அரசன் ஆணைப்படி முதல் முறை தத்தனூர் மூவேந்த வேளானும், இரண்டாம் முறை சோமாசிப் பெருமான் என்னும் அதிகாரியும் உடனிருந்து இவ்வியவஸ்தை செய்விக்கப்பட்டது என்று சாசனமே கூறுகிறது. ஆகவே, அரசனே அறியாத குட்டிக் குடியரசு என்று இதனைச் சொல்லவும் இயலாது. இதன் அருமை வேறிடத்தில் உள்ளது. அதிகாரம் கைக்கு வந்தவன் அதனை எவ்வாறெல்லாம் தனதாக்கிக் கொள்வான் என்பதைச் சபையார் எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு வழியையும் அடைத்தனர். பதவிக் காலம், இடைவெளி, உறவு விலக்கு, கணக்கு என்ற நான்கு பூட்டுகளை இட்டனர்.

முதலாம் இராஜராஜன் தொண்டை மண்டலத்தைச் சயங்கொண்ட சோழ மண்டலம் என்று ஆக்கினான். கோட்டம், நாடு என்ற பெயர்கள் சோழர்க்குப் பின்னும் சாசனங்களில் நெடுங்காலம் வழங்கின. ஆயினும் சபை மெல்ல மறைந்தது. விஜயநகர ஆட்சியில் நாயக்கர்களும், ஆர்க்காட்டு நவாபு ஆட்சியில் அமில்தார்களும் குத்தகைதாரர்களும் ஊருக்கு மேல் அமர்ந்தனர். இருநூறு முந்நூறு ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்துக்கு ஒரு நாள் குறிக்க முடியாது.

1763-இல் நவாபு முகம்மது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1765-இல் மொகலாய பாதுஷா ஷா ஆலம் அதனை உறுதி செய்தார். கம்பெனியாரோ அதனை நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்தனர். அந்நாளில் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஜாகீரை ஊர் ஊராக அளந்தார். வீடு எத்தனை, ஏரி எத்தனை, எவருக்கு எவ்வளவு மானியம் என்ற செய்திகளைக் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளிலிருந்து திரட்டிய அளவை அது. 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பால் ஜாகீர் பாழ்பட்டது. அவ்வாண்டே கம்பெனியார் நேரடி ஆட்சியை ஏற்றனர். 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஊர்தோறும் மிராசுதார்கள் என்ற காணியாளர் கூட்டம் நிலத்தையும் நீரையும் பொதுவில் வைத்திருப்பதைக் கண்டு திகைத்தார். அக்காணியாட்சி உரிமையின் தன்மையை விளக்கி, திருக்குறள் பயின்ற எல்லிஸ் துரை அரசாங்கத்தின் 17 கேள்விகளுக்கு எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின.

அச்சுக்கு வந்த காலத்தில் அவ்வுரிமை தேயத் தொடங்கிவிட்டது. ரயத்துவாரி முறையில் அரசாங்கம் ஒவ்வொரு குடியானவனோடும் தனித்தனியே வரி பேசிற்று. ஊர் ஒருங்கு கூடி முடிவு செய்யும் காரியம் சுருங்கிற்று. 1816 ஆம் ஆண்டுச் சட்டங்களால் தாமஸ் மன்றோ கிராம முன்சீபுக்குப் போலீஸ் அதிகாரமும் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் தந்தார். பஞ்சாயத்து விசாரணைக்கும் வழி செய்தார். முன்சீபும் கர்ணமும் ஊரில் இருந்தவரே. ஆனால் அவர் கணக்கு ஊருக்குக் காட்டுவதன்று, தாசில்தாருக்குக் காட்டுவது. இந்த ஒரு மாற்றத்தில் உத்தரமேரூர்ச் சாசனத்தின் முதல் விதி தலைகீழாயிற்று. 1895 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுத்தியோகங்களைப் பரம்பரை உரிமையாகவே உறுதி செய்தது. தந்தைக்குப் பின் மகன் வரலாகாது என்று உறவு முறைப் பட்டியல் எழுதிய நாட்டில், தந்தைக்குப் பின் மகனே வர வேண்டும் என்று சட்டம் வந்தது. அம்முறை நீங்க 1980 நவம்பர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. எம்.ஜி.ஆர். அரசாங்கம் பரம்பரைக் கிராம உத்தியோகங்களை ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982-இல் அதனை ஏற்றது. கர்ணம் இருந்த இடத்தில் கிராம நிருவாக அலுவலர் அமர்ந்தார்.

ஏரியின் கதியும் இதுவே. ஊரார் கூடித் தூர் வாரும் குடிமராமத்தை 1858 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய உழைப்பு என்று பெயரிட்டுப் புத்தகத்தில் ஏற்றிற்று. கட்டாயம் ஆனதும் குடிமராமத்து குன்றிற்று என்று கூறினால் மிகையாகாது. இன்று 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட பாசனம் உடைய ஏரிகள் அரசின் நீர்வளத் துறையிடமும், சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. 2000 ஆம் ஆண்டுச் சட்டப்படி பாசனம் செய்வோர் சங்கங்கள் அமைந்தன. 2017-இல் குடிமராமத்து என்ற பெயராலேயே ஓர் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது.

ஆங்கிலேயர் காலத்தில் உத்தரமேரூர் மதுராந்தகம் தாலுக்காவில் ஒரு பட்டணமாக இருந்தது. தன்கூற்றாக நின்ற ஊர்க்கு அப்போது தாலுக்கா என்ற மதிப்பும் இல்லை. ரிப்பன் பிரபுவின் 1882 ஆம் ஆண்டுத் தீர்மானமும், 1884 ஆம் ஆண்டுச் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டமும் ஜில்லா போர்டு, தாலுக்கா போர்டு, யூனியன் என்ற மூன்று அடுக்குகளைத் தந்தன. தாலுக்கா போர்டு 1934-இல் மறைந்தது. பின்னர் 1950, 1958 ஆம் ஆண்டுகளின் பஞ்சாயத்துச் சட்டங்கள் வந்தன. அவற்றுள் பின்னதே ஊராட்சி ஒன்றியங்களைத் தோற்றுவித்தது. உத்தரமேரூர் ஒன்றியத்தில் இப்போது 73 ஊராட்சிகள் உள்ளன. ஊர் பேரூராட்சியாகவும், தனி வட்டத்தின் தலைநகராகவும், சட்டசபைத் தொகுதியின் பெயராகவும் விளங்குகிறது. அதன் மேலுள்ள ஜில்லாவோ ஓயாமல் உருமாறியது. செங்கற்பட்டு ஜில்லாவின் தலைமையகம் 1968-இல் சைதாப்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் சென்றது. 1997 ஜூலை 1-இல் ஜில்லா காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனியே பிரிந்தது. உத்தரமேரூர் காஞ்சிபுரத்தோடு நின்றது. பழைய தாலுக்காத் தலைமையிடமான மதுராந்தகம் செங்கற்பட்டோடு சென்றது.

இப்பிரிவினையால் ஒரு விளைவு உண்டாயிற்று. 73 ஆவது திருத்தத்தின்படி ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடந்தாக வேண்டும். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் தள்ளிப் போயிற்று. 2019 டிசம்பரில் பிற ஜில்லாக்களில் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட ஒன்பது ஜில்லாக்களில் வார்டு எல்லைகளை வரையறுத்த பின்னரே தேர்தல் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வொன்பதில் காஞ்சிபுரமும் ஒன்று. ஆகவே 30 குடும்புகளுக்கு எல்லை வகுத்து 360 நாளில் வாரியத்தை மாற்றிய ஊரைச் சுற்றியுள்ள 73 ஊராட்சிகளும் ஐந்தாண்டுக் காலம் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின்றித் தனி அலுவலரின் கீழ் இருந்தன. அக்காலத்துச் செலவுக் கணக்கை எவரிடம் கேட்பது என்று கிராமத்தார் வினவினால் அதனைக் குற்றமென்று சொல்ல முடியாது.

காஞ்சிபுரம் ஜில்லாவின் ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் வாக்குப்பதிவு நடைபெற்றது. 2016-இல் செய்த சட்டத் திருத்தப்படி பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவாயின. தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளும் அவற்றுள் இருந்தன. உத்தரமேரூர்ப் பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரி 19-இல் வாக்குப்பதிவு நடந்தது.